ஹலசூரு குடும்பம்: வார்டு ஆபீஸ் பிளான்

மலர்: பூங்கா ஓரம் வர்ற வார்டு ஆபீஸ் பிளான் பாத்தீங்களா? நாளைக்கு 11 மணிக்குள்ள கருத்து எழுதிக் குடுக்கணும். சித்தப்பா, ஒரே பக்கம். ப்ளீஸ்.

கமலா அத்தை: வளைகாப்பு ஹால் என்னாச்சு

பாபு: அது வேற குரூப் அத்தை

கமலா அத்தை: ரெண்டுலயும் அதே ஆளுங்கதானே

சித்தப்பா: பாத்தேன். மேற்கே ரோட்டுப் பக்கம் அழகா வாசல். கிழக்கே பூங்காப் பக்கம் என்ன? டாய்லெட், ஜெனரேட்டர், ஏசி அவுட்டோர் யூனிட். வாக்கிங் போறவங்க மூஞ்சில சூட்டுக்காத்து. கட்டடம்னா முதுகு இருக்கத்தான் செய்யும், அதை வடக்குச் சந்துக்குத் திருப்பச் சொல்லு.

ராஜி: 👍

சித்தப்பா: நடுவுல 4 மீட்டர் அகலத்துக்குத் திறந்த நடை வேணும். ரோட்டுல நின்னா பூங்கா மரம் தெரியணும். கவுன்டர் எல்லாம் நடையைப் பாத்து. ஷட்டர் கவுன்டருக்கு மட்டும். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவுன்னா வழியும் லீவாயிடக் கூடாது.

மலர்: தென்மேற்கு மழைக்காத்து நடைக்குள்ள நேரா அடிக்கும். மேற்கு வாய்ல ஜாலிச் சுவர் வேணும், ஓட்டை ஓட்டையா இருக்குமே அது.

சித்தப்பா: ஜாலி வச்சா மரம் மறையும். கூரையை 1.5 மீட்டர் நீட்டு.

மலர்: 4 மீட்டர் உசரக் கூரைக்கு அது எந்த மூலைக்கு?

பாபு: ராம்ப் இருக்குல்ல

சித்தப்பா: இருக்கு, கணக்குதான் இடிக்குது. பிளிந்த், அதாவது ரோட்டுல இருந்து தரை உசரம், 90 செ.மீ. 1க்கு 12 சாய்வுன்னா ஓட்டமே 10.8 மீட்டர். 9 மீட்டர் தாண்டினா நடுவுலயும் சமதளமா ஒரு லேண்டிங். மேல, கீழ, நடு, தலைக்கு 1.5. ஆக 15.3. பிளான்ல விட்டிருக்கிற இடம் 7. கான்ட்ராக்டர் செங்குத்தா ஏத்திடுவான், வீல்சேர் பின்னால உருளும். பிளிந்தை 45 ஆக்கினா 5.4 ஓட்டம், ரெண்டு லேண்டிங், 8.4ல முடியும். படியைக் கொஞ்சம் நகத்தினா போதும்.

மலர்: 45ன்னா தண்ணி ஏறாதா?

சித்தப்பா: வாசல் குறுக்க கம்பி மூடி போட்ட ட்ரெய்ன். பழைய தாரைச் சுரண்டாம மேலயே போட்டா ரோடு ஏறி 45 நாளடைவுல 30 ஆயிடும், அதையும் எழுது. தரைக்கு பாலிஷ் கிரானைட் கூடாது, மழைல வழுக்கும். சொரசொரப்பா ஃபிளேம் ஃபினிஷ்.

கமலா அத்தை: எங்க மாடில ஒரு படி மட்டும் உசரம். அதுவும் நீ போட்ட கணக்குதான் தம்பி

சித்தப்பா: அத்தான் கீழ்த்தளத்துக்கு மட்டும் கடைசில டைல்ஸை மாத்தினதுக்கு நான் என்ன பண்ண அக்கா

பாபு: 🤐

ராஜி: சிவப்புக் கலர் அடிக்கச் சொல்லுங்க, நம்ம பெங்களூரு ஹைகோர்ட் அட்டார கச்சேரி மாதிரி

சித்தப்பா: கலர்ல என்னம்மா இருக்கு. 1868ல முடிஞ்ச கட்டடம், அங்க எடுத்துக்க வேண்டியது தூண் வரிசையும் அதோட நிழலும். இங்கயும் பூங்காப் பக்கம் வராண்டா, பெஞ்ச், டோக்கன் போர்டு. ஒரு கவுன்டராவது 75–80 செ.மீ. உசரத்துல.

மலர்: தூங்குமூஞ்சி மரம்?

சித்தப்பா: பிளான்ல வெறும் பச்சை வட்டம். அந்த மூலைல தொடர் அஸ்திவாரம் தோண்டினா வேர் போச்சு, கோடை மழைக் காத்துல மரம் சாயும். தனித்தனி தூண் குழி, மேல பீம். ராம்ப் கடைசி அடியும் பூங்கா மண்ணுல விழக் கூடாது, பூங்காவைக் காப்பாத்த 1985 கர்நாடகச் சட்டம் இருக்கு.

மலர்: அப்ப ஜாலி? எழுதவா வேணாமா?

சித்தப்பா: காலைல சொல்றேன்

கமலா அத்தை: அம்மாவை வீல்சேர்ல கூட்டிட்டு வரணும், ஹால்ல ராம்ப் இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா

ராஜி: வாசல்ல படிதான் அத்தை

சித்தப்பா: எத்தனை படி? ஒரு படி என்ன உசரம்?