சொக்கன் யார்?

குழு: பெரிய வீடு
ஞாயிறு

காலை 9:12
அத்தை: முறுக்கும் அதிரசமும் நேற்றே கூரியரில் போட்டாச்சு. அண்ணன் வீட்டுக்கு ஒரு பெட்டி, மீனாவுக்கு ஒரு பெட்டி.

கதிர்: (ஸ்டிக்கர்: புலம்பும் நாகேஷ். கீழே "எனக்கில்லை, எனக்கில்லை... சொக்கா!")

அத்தை: உனக்கு இல்லாமலா ராசா? ஹாஸ்டல் முகவரிக்குத் தனியாக வருகிறது.

பெரியப்பா: கதிர், அந்தச் சொக்கன் யார், தெரியுமா?

கதிர்: தெரியாது பெரியப்பா. சொக்கா என்றால் சட்டைதானே? சட்டையைத் தொலைத்துவிட்டு அழுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மெஸ்ஸில் பூரி தீர்ந்துபோனால் எங்கள் குழுவில் எல்லோரும் இதைத்தான் போடுவார்கள். படம் பார்த்ததில்லை.

மீனா அக்கா: மதுரை சொக்கநாதர்டா. மீனாட்சியம்மன் கோயில் சுவாமி. படம் திருவிளையாடல், 1965. ஏ.பி.நாகராஜன் இயக்கியது. சிவனோடு வாதாடும் நக்கீரராக வருபவரும் அவர்தான்.

கதிர்: அப்படியென்றால் அவர் சாமியைக் கூப்பிட்டு அழுகிறார். தெரியாமலே இத்தனை நாள் போட்டிருக்கிறேன். என்னவோ போல இருக்கிறது.

காலை 9:31
அத்தை: இதில் என்ன இருக்கிறது? படம் பார்க்கும் முன்பே எனக்கு வசனம் முழுக்க மனப்பாடம். கோயில் கொடைத் திருவிழா வந்தால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, திருவிளையாடல் கதைவசன ரெக்கார்டு போடுவார்கள். "பிரிக்க முடியாதது என்னவோ?" என்று தருமி என்ற ஏழைப் புலவர் கேட்பது குழாயில் வரும். சிவனாக வரும் சிவாஜி வாயைத் திறக்கும் முன்னால் தெருப் பிள்ளைகள் நாங்கள் "தமிழும் சுவையும்" என்று கத்துவோம். "சேர்ந்தே இருப்பது?" "வறுமையும் புலமையும்." அர்த்தம் எல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அத்தை: கல்யாணமாகி வந்த பிறகு டிவியில்தான் படத்தைப் பார்த்தேன். என் மனதில் இருந்த தருமி குண்டாக, பெரிய மீசையோடு இருப்பார். ஒல்லியாக நாகேஷ் வந்து நின்றதும் கொஞ்ச நேரம் ஒட்டவே இல்லை.

மீனா அக்கா: அத்தை, இதை நீங்கள் சொன்னதே இல்லையே! எனக்கு "குற்றம் குற்றமே" அப்பாவிடமிருந்துதான் வந்தது. என் கணக்கு நோட்டைத் திருத்தும்போது சொல்வார். பத்து வயது வரை அது அப்பாவின் சொந்த வாக்கியம் என்றே நம்பியிருந்தேன்.

காலை 9:50
பெரியப்பா: நானும் படத்தில்தான் தொடங்கினேன். அப்புறம் புலவர் படிப்பில் குறுந்தொகையைத் திறந்தால் இரண்டாவது பாட்டே "கொங்குதேர் வாழ்க்கை", படத்தில் பரிசுக்காகச் சிவன் தருமிக்கு எழுதிக் கொடுக்கும் அதே பாட்டு. எழுதியவர் பெயர் இறையனார். பரிசு அறிவித்த செண்பகப் பாண்டியன் எங்கே, அந்த ஆயிரம் பொன் எங்கே என்று தேடினேன். அரசனும் இல்லை, பரிசும் இல்லை, சண்டையும் இல்லை. மொத்தமே ஐந்து அடி.

பெரியப்பா: தருமிக்குப் பொற்கிழி, அதாவது பொன்முடிப்பு, கிடைத்த கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமாக இருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அப்பர் தேவாரத்தில் "நற்கனகக் கிழி தருமிக்கு அருளினோன் காண்" என்று பாடிவிட்டார். பாட்டைச் சுற்றிக் கதை வளர்ந்து, கதையிலிருந்து படம் வந்து, படத்திலிருந்து உன் ஸ்டிக்கர் வந்திருக்கிறது.

கதிர்: அந்த ஐந்து அடியை அனுப்புங்கள் பெரியப்பா.

பெரியப்பா:
கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற் றரிவை கூந்தலின்
நறியவும் உளவோநீ அறியும் பூவே

பெரியப்பா: ஒருவன் வண்டிடம் கேட்கிறான்: நீ பூப்பூவாய்ப் போய் வாசம் தேடித் தேன் குடிப்பவன். இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ உனக்குத் தெரியுமா? இதில் எனக்கு உயிர் இரண்டாம் அடிதான். எனக்குப் பிடிக்குமே என்று சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்கிறான். காதலில் மூழ்கிக் கிடப்பவன், எனக்காகப் பேசாதே என்று ஒரு வண்டிடம் கேட்கிறான் பாருங்கள்.

கதிர்: "பயிலியது கெழீஇய நட்பு"?

பெரியப்பா: பழகிப் பழகிப் பொருந்திப்போன நட்பு. ஆனால் இது அவர்களுடைய முதல் சந்திப்பு. அதனால்தான் ஏழு பிறவியிலும் தொடரும் நட்பு என்று உ.வே.சா. உரை எழுதினார்.

காலை 10:22
கதிர்: மூன்று தடவை படித்துவிட்டேன். தருமி கையில் வைத்திருந்த ஓலையில் இருந்தது இதுதானா!

கதிர்: ராத்திரி அறையில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் ஒன்று கேட்கணும் அத்தை. குழாயில் கேட்ட மாதிரியே அந்தக் கேள்வி பதிலைச் சொல்லி அனுப்புங்களேன். எனக்கும் முதலில் காதில் விழட்டும்.

அத்தை: அடுப்பில் குழம்பு இருக்கு. இரு.

காலை 10:41
அத்தை: (குரல் பதிவு, 2:14)

கதிர்: அத்தை, நீங்கள் சொல்லும்போது எனக்கும் மீசை வைத்த தருமிதான் தெரிகிறார்.