புதுப்பிப்பு: மூன்று நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத கார் (சரியாகிவிட்டது)

ஒத்தக்கடை வீட்டில் மூன்று நாள் நிறுத்தினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறது, 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு வயது இரண்டுதான் என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. பேட்டரி மாற்றவில்லை, வண்டி ஒரே சாவியில் கிளம்புகிறது.

முதலில் பேட்டரி டெர்மினல் (கேபிள் மாட்டும் முனை). பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, வாசலின் தடவி, நெகட்டிவைக் கடைசியாக மாட்டினேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். முழு சார்ஜில் 12.6 வோல்ட், இரண்டு நாளில் 12.3. இன்ஜின் ஓடும்போது 14.2, ஆக பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை.

பலித்தது திருமங்கலம் அண்ணன் சொன்ன யோசனை. நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை (கரண்ட் அளக்கும் கருவி) 10 ஆம்பியரில் வைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போது இழுக்கும் கரண்ட் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 0.28 காட்டியது. ஒரு நாளைக்கே ஏழு ஆம்பியர்-ஹவர் கிட்டத்தட்ட காலி! (மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள். பழக்க தோஷத்தில் அடித்து, மீட்டரின் ஃப்யூஸைக் காவு கொடுத்தேன்.)

எதை எடுத்தால் அளவு குறைகிறது என்று ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவியதில் சிக்கியது டேஷ்கேம் (சாலையைப் படம்பிடிக்கும் கேமரா). திரை அணைந்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. மாட்டிக்கொடுத்த கடையில் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனில் கொடுத்திருக்கிறார்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸுக்கு மாற்றியதும் 0.02. நேற்றோடு நான்கு நாள் நின்றது, காலையில் 12.5 வோல்ட்.