மூளைக்காய்ச்சல் வைரஸ்களை விலங்குகளிடம் தேடுவது எதற்காக?

கேள்வி: கால்நடை மருத்துவ மாணவி

வணக்கம். கொசுக்கள் பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸ்களைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுதத் தொடங்கி, இரண்டு வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில், பன்றியின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகுகிறது. ஆனால் வளர்ந்த பன்றிக்கு மூளை பாதிக்கப்படுவது அரிது. மனிதருக்கும் குதிரைக்கும் மூளை கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. ஆனால் அவர்களைக் கடித்த கொசு நோயை வேறெவருக்கும் கொண்டுசெல்வதில்லை. வைரஸின் பயணம் முடிந்துபோகும் ‘இறுதி ஓம்புயிர்கள்’ என்று இவ்விருவரையும் பாடநூல்கள் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வைரஸ் போதிய அளவு பெருகாத உடலில் நோய் எப்படி இவ்வளவு கடுமையாக இருக்க முடியும்?

இன்னொரு ஐயமும் உண்டு. மனிதருக்குத் தடுப்பூசி இருக்கும்போது, பன்றிகளிலும் பறவைகளிலும் கொசுக்களிலும் ஆண்டுதோறும் மாதிரி சேகரிக்கும் உழைப்பு எதற்கு? மருத்துவமனைப் பதிவேடுகளே போதும் என்று ஆசிரியர் ஒருவர் கூறினார். என் மனம் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுத்துப் பேச என்னிடம் சான்று இல்லை.

பதில்: வைரஸ் ஆய்வாளர்

இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு பெருகுகிறது என்பதும், அது மூளைக்குள் நுழைகிறதா என்பதும் தனித்தனிச் செய்திகள். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் தங்களுக்கு முரண் தோன்றுகிறது.

ஒரு கொசு தொற்றுப் பெற வேண்டுமானால், அது உறிஞ்சும் துளி இரத்தத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைரஸ் இருந்தாக வேண்டும். அந்த வைரஸ் கொசுவின் நடுக்குடல் சுவரைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். வெப்பம் மிகுந்தால் அந்தக் காலம் குறையும். பன்றியின் இரத்தத்தில் சில நாட்களுக்கு அந்த அளவு எட்டப்படுகிறது. கொக்கு, நாரை இனப் பறவைகளிலும் அப்படியே. மனிதரிலும் குதிரையிலும் எட்டப்படுவதில்லை. ஆனால் நரம்பணுக்களைத் தாக்க அவ்வளவு வைரஸ் தேவையில்லை. சொற்பமான வைரஸ் மூளையை அடைந்தாலும் அங்கே அது பெருகிக்கொள்ளும். அப்படிப் பெருகியது கொசுவின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. நோயாளி உயிருக்குப் போராடும்போதும் அவருடைய இரத்தத்தில் வைரஸைக் காண முடியாமற்போவது இதனால்தான்.

இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு முதலில் சிதைந்து, அதன் வழியாகவே வைரஸ் நுழைகிறது என்பது எளிதில் தோன்றும் விளக்கம். ஆனால் சுண்டெலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், வைரஸ் மூளைக்குள் பெருகி அழற்சிப் பொருள்கள் சுரந்த பிறகே அந்தத் தடுப்பு தளர்வது காணப்பட்டது. சேதத்தில் ஒரு பங்கு வைரஸாலும், மறுபங்கு உடலின் எதிர்வினையாலும் ஏற்படுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வைரஸைத் தாக்கும் மருந்து மட்டும் கிடைத்தால் போதுமா என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

தங்கள் கட்டுரையில் இரண்டு திருத்தங்களைச் செய்ய வேண்டுகிறேன். முதலாவது, பன்றிக்குத் தீங்கில்லை என்று எழுதிவிடாதீர்கள். சினையுற்ற பன்றியைத் தொற்று தாக்கினால் குட்டிகள் இறந்தோ, கருவிலேயே உலர்ந்துபோயோ பிறக்கின்றன. இரண்டாவது, ‘இறுதி ஓம்புயிர்’ என்பது குதிரையின் இயல்பன்று. ஒரு குறிப்பிட்ட வைரஸோடு அதற்குள்ள உறவைக் குறிக்கும் சொல். வெனிசுவேலக் குதிரை மூளையழற்சி வைரஸின் கொள்ளைநோய் வகைகள் குதிரையின் இரத்தத்தில் மிக உயர்ந்த அளவில் பெருகுகின்றன. அங்கே குதிரைதான் வைரஸைப் பெருக்கிக் கொடுக்கிறது. 1938 முதல் 1973 வரை ஏற்பட்ட அந்நோய்ப் பரவல்களுட் பலவற்றுக்கு, ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் முழுமையாகச் செயலிழக்காத வைரஸைக் கொண்ட தடுப்பூசிகளே காரணமாக இருந்திருக்கலாம் என்று மரபணு ஒப்பீடுகள் சுட்டுகின்றன. காக்க வந்த தடுப்பூசியே நோயைப் பரப்பியிருக்கக்கூடும் என்பதை நம் துறையினர் ஒருபோதும் மறக்கலாகாது.

பதில்: நோய்ப்பரவல் ஆய்வர்

மருத்துவமனைப் பதிவேடு ஏன் போதாது என்பதற்கு எண்ணே விடை சொல்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றியவர்களுள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வெளிப்படுகிறது. ஒரு குழந்தை வலிப்புடன் மருத்துவமனைக்கு வரும்போது, அவ்வட்டாரத்துப் பறவைகளிலும் பன்றிகளிலும் கொசுக்களிலும் வைரஸ் பல வாரங்கள் சுழன்று முடித்திருக்கும். நோய் வெளிப்பட்டவர்களுள் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களிலும் பலர் நிலையான நரம்புக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். வைரஸை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாத ஒரு நோயில், நோயாளியை எண்ணுவதையே முன்னெச்சரிக்கை என்று என்னால் கருத முடியவில்லை.

தாங்கள் கேட்ட சான்றுக்கு 1999இல் நியூயார்க்கில் நடந்ததைக் காட்டலாம். மூளையழற்சியோடு வந்த முதியவர்களின் இரத்தத்தைச் சோதித்தவர்கள், அது கொசு பரப்பும் மற்றொரு வைரஸ் நோயான செயின்ட் லூயி மூளையழற்சி என்று முதலில் அறிவித்தார்கள். அதே வாரங்களில் காகங்கள் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலும் பறவைகள் இறந்தன. செயின்ட் லூயி வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லை. ‘கிழக்குக் குதிரை மூளையழற்சி’ என்ற இன்னொரு வைரஸ் நோயாக இருந்தால் பூங்காவின் ஈமு கோழிகள் முதலில் மடிந்திருக்க வேண்டும். அவையோ நலமாக இருந்தன. பூங்காவின் நோயியல் வல்லுநர் டிரேசி மெக்னமாரா, இது வேறொரு வைரஸ் என்று விடாமல் வலியுறுத்தினார். 1937இல் உகாண்டாவில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட மேற்கு நைல் வைரஸ் அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழைந்திருந்தது அதன் பிறகே தெரியவந்தது. பறவைகளின் சாவையும் மனிதரின் நோயையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்க அன்று வழியிருந்திருந்தால், அந்தக் குழப்பம் அவ்வளவு நீண்டிருக்காது. 2022இல் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் பண்ணைப் பன்றிகள் குட்டிகளை இறந்த நிலையில் ஈன்றதுதான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அங்கு பரவியிருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

தடுப்பூசியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். மனிதரிடமிருந்து கொசுவுக்கு வைரஸ் செல்லாததால், ஊரில் எத்தனை பேர் தடுப்பூசி செலுத்திக்கொண்டாலும், செலுத்திக்கொள்ளாத ஒருவருக்கு அதனால் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. ஜப்பானில் 1960களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை பிற்காலத்தில் பத்தையொட்டிச் சுருங்கிய பிறகும், பன்றிகளிடம் எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) தொடர்ந்து காணப்படுகிறது. வைரஸ் எங்கும் போய்விடவில்லை.

பதில்: நோயறி ஆய்வகப் பணியாளர்

மேலே கூறப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் எதிர்ப்பொருள் சோதனையின் முடிவை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மேற்கு நைல், செயின்ட் லூயி, முர்ரே பள்ளத்தாக்கு வைரஸ்கள் யாவும் நெருங்கிய உறவினர். ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றின் எலைசா சோதனையிலும் (எதிர்ப்பொருளைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) வினைபுரியும். நியூயார்க்கில் முதல் அறிவிப்புத் தவறியதற்கும் இதுவே காரணம். உயிருள்ள வைரஸைச் செல்வளர்ப்பில் வைத்து, இரத்தநீர் அதை எந்த அளவுக்கு நடுநிலையாக்குகிறது என்று பல வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையே நம்பகமானது; அதற்கு நாட்களும் உயர்பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். மனித நோயாளியிடம் தண்டுவட நீரில், தொற்றுக்குப் பின் முதலில் உருவாகும் வகையான ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடுகிறோம். நோயின் தொடக்க நாட்களில் அது இல்லையென்று வந்தால், பின்னர் மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஒருமுறை குதிரை ஒன்றின் மாதிரியை வைத்துக்கொண்டு நாங்கள் பல நாட்கள் கவலையோடு உழைத்தோம். எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடிய மேற்கு நைல் தடுப்பூசி அதற்குப் போடப்பட்டிருந்ததை மாதிரிச் சீட்டில் எவரும் எழுதவில்லை. மாதிரி எடுக்கும்போது விலங்கின் வயதையும் தடுப்பூசி விவரத்தையும் தவறாமல் குறியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவ மாணவி

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு வகை மாதிரிக்குத்தான் வசதி இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? கொசுவையா, பன்றியையா?

பதில்: பூச்சியியல் ஆய்வர்

கொசுக்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்றாலும், பன்றியையே சொல்வேன். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் கொசுவை ஆயிரக்கணக்கில் பிடித்தாலும், அவற்றுள் வைரஸைச் சுமப்பவை மிகச் சிலவே. பிடிபட்டவற்றுள் பல, வைரஸைப் பெருக்காத மாடுகளின் இரத்தத்தைக் குடித்தவையாக இருக்கும். இறைச்சிக்கூடத்துக்கு வரும் ஏறத்தாழ ஆறு மாதப் பன்றிக்குத் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் மறைந்திருக்கும். சென்ற ஆண்டின் கொசுப்பருவத்தை அது கண்டதேயில்லை. எனவே தடுப்பூசி போடப்படாத அந்தப் பன்றியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், வைரஸ் அதன் குறுகிய வாழ்நாளுக்குள்தான் தொற்றியிருக்க வேண்டும். பன்றிகளே இல்லாத வட்டாரமானால், திறந்த கூண்டில் வைத்த கோழிகளிடம் குறித்த இடைவெளியில் இரத்தம் எடுங்கள். ஆஸ்திரேலியாவில் முர்ரே பள்ளத்தாக்கு வைரஸை அப்படித்தான் கண்காணிக்கிறார்கள்.