ஜூலை லீவும் ஆடிக் காற்றும்: கோபிக்கும் சார்ஜாவுக்கும் நடுவே

கோபிச்செட்டிபாளையம் – சார்ஜா

நம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, வாடகை எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எவ்வளவு, சாமான் எல்லாம் கிடைக்குமா என்றுதான். அதெல்லாம் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் பழகிவிடும். இட்லி அரிசி, கொள்ளு, கம்பு எல்லாமே சார்ஜா ரோலா கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் மட்டும் வந்தால் போதும், அரிசியும் பருப்பும் சாதம் நம் வீட்டு மணத்தோடு இறங்கிவிடும். பிள்ளைகளின் லீவைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். பெரிய லீவு ஜூலை, ஆகஸ்ட். நம் ஊரில் ஜூனிலேயே பள்ளி திறந்துவிடுவார்கள். ஆக, நம் பிள்ளைகள் ஆசை ஆசையாக வந்து இறங்கும்போது மாமன் மகனும் சித்தப்பா மகளும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருப்பார்கள். மாம்பழம் ஓய்ந்திருக்கும். பண்ணாரி கோயில் தீமிதிக் குண்டமும் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயில் கம்பம் நடும் திருவிழாவும் பங்குனியோடு முடிந்த கதை. பட்டிப் பொங்கலும் பூ நோன்பும் தை மாதத்தில், போனில் பார்த்துக்கொள்வதோடு சரி. டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அந்த இரண்டு மாதம்தான். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ஊர் வேண்டாம், ஜார்ஜியா போய் வந்துவிடலாம்" என்று முடிவெடுக்கிற குடும்பங்கள் எங்கள் கட்டடத்திலேயே நிறைய. எனக்கு அதைக் கேட்டால் மனசு கனத்துப்போகும். ஒன்றிரண்டு வருஷம் இப்படி விட்டால், பிள்ளைகளுக்கு ஊர் என்பது போன் திரையில் வருகிற நாலு முகமாகச் சுருங்கிவிடும்.

என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நடந்தது. சார்ஜா அல் நஹ்தாவில் எங்களுடையது அடுக்குமாடி வீடு. வீட்டுக்குள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்கும் என்று நாள் முழுக்க அவளை அடக்கிக்கொண்டே இருப்போம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஜன்னலைத் திறக்க முடியாது, வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த ஜூலையில் கோபிக்கு வந்து இறங்கிய அன்று அம்மா வீட்டுத் திண்ணை மேல் ஏறி நின்றாள். குதிக்கப் போனவள் நின்றுவிட்டு, "அமுச்சி, கீழே யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று தன் பாட்டியைக் கேட்டாள். அம்மா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "கீழ மண்ணுதான் கண்ணு இருக்குது. எவ்வளவு வேணுமோ குதி."

அன்று பொழுது சாயும்வரை குதித்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அந்த மாதங்களில் நம் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அமுச்சி பக்கத்தில் படுத்தவள், ஏசி இல்லாமல் குளிருகிறதே என்று அதிசயப்பட்டாள். காட்டில் மஞ்சள் முளைத்துக் கை உயரம் வந்திருந்தது. மாம்பழமும் இல்லை, விளையாடக் கூட்டமும் இல்லை. ஆனால் தாத்தாவும் பாட்டியும் பகல் முழுக்க அவளுக்கே கிடைத்தார்கள். மே மாதத்தில் வந்திருந்தால் பத்துப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்திருப்பாள்.

எழுத்தும் அப்படித்தான் வந்தது. அமீரகத் தனியார் பள்ளிகளில் அரபி கட்டாயம். கூடவே ஆங்கிலம், இந்தி. தமிழைப் பாடமாக வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடநூல்களை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். அது நல்ல வழிதான், எல்லோரும் பயன்படுத்தலாம். ஆனால் அவள் முதன்முதலில் தன் பெயரைத் தமிழில் எழுதியது அமுச்சி மடியில் உட்கார்ந்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் ஊருக்குப் போவதோடு பெரியவர்களையும் அங்கே வரவழைக்க வேண்டும். அமீரகத்தில் 30 நாள், 60 நாள் விசிட் விசா உண்டு. மஞ்சள் வெட்டு தையில் தொடங்குவதால், அப்பா நவம்பரில் வந்து மார்கழிக்குள் திரும்பிவிடுவார். அங்கே பருவம் இதமாக இருப்பதும் அப்போதுதான். முதல் தடவை வந்தபோது, வேட்டி கட்டிக்கொண்டு இந்த மனுஷன் இங்கே யாரோடு பேசுவார் என்று எனக்குக் கவலை.

காலித் லகூன் கரையில் சாயங்கால நடை. ஒரு பெஞ்சில் சல்வார் கமீஸ் போட்ட பெரியவர் ஒருவர், மகனைப் பார்க்க பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து வந்தவர். அப்பாவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. அவருக்குப் பஞ்சாபியும் உருதும். நான் மகளை ஊஞ்சலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு பேரும் போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா போனில் எங்கள் காங்கேயம் காளை, அவர் போனில் நீலி ராவி எருமை. அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொம்பு எப்படி வளைந்திருக்கும் என்று காட்டுகிறார். அந்தப் பெரியவர் தன் எருமையின் கொம்பு சின்னதாகச் சுருண்டிருப்பதை ஒரு விரலால் சுழற்றிக் காட்டுகிறார். பால் எத்தனை லிட்டர் என்பதற்கு விரல் விட்டு எண்ணுகிறார்கள். என் அரைகுறை இந்திக்கு அங்கே வேலையே இல்லை. அதற்கப்புறம் தினமும் அப்பாவுக்கு அந்த பெஞ்ச்தான். மகளும் கூடவே போய் உட்கார்ந்துகொள்வாள். அப்புச்சி சொன்னால் இன்னொரு நாட்டுக்காரர் உற்றுக் கேட்கிறார் என்று அவள் கண்ணால் பார்த்தாள். அதிலிருந்து மாடு, காடு, வாய்க்கால் என்று அவள் கேட்கிற கேள்விகளே மாறிவிட்டன.

திருப்பூர் – சார்ஜா

மேலே கோபி அக்கா எழுதியது முழுக்க உண்மைங்க. பெரியவர்கள் வர முடியாத நாட்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் தனியாகப் போய், பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கிற பெட் ஸ்பேஸில் இருந்தேன். குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், கம்பெனி வீடு கொடுத்தால் 3,000 போதும். அது அமைந்ததும் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டேன். சார்ஜாவில் பள்ளிகளுக்கு 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. எனக்கு வேலை துபாயில், அங்கே வெள்ளிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. பையன் வீட்டில் இருக்கிற நாளில் அப்பன் இருக்க மாட்டான்.

இரண்டாவது குழந்தைக்கு வலி வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது, மாமியாருக்கு விசாகூட வரவில்லை. அல் இத்திஹாத் ரோட்டில் வண்டி நகராமல் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் கோழிக்கோட்டுக் குடும்பம். அந்த அம்மாதான் டாக்ஸி பிடித்து என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார், அவர் மகள் பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெருந்துறையில் இருக்கும் என் மாமியாருக்குப் போன் போட்டு, பிள்ளை பெற்றவளுக்கு உங்கள் வீட்டில் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் திருப்பிக் கேட்க, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம் ஒரு சம்படத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தது. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு அழுதுவிட்டாள். போய் இறங்கியதும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

இரண்டு விஷயம், புதிதாகப் போகிறவர்களுக்கு. அங்கே பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் ரெசிடென்ஸ் விசா அடித்தாக வேண்டும், தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். அதற்கு முன்னால் பாஸ்போர்ட் வேண்டும், ஆகவே பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஓட ஆரம்பியுங்கள். அப்புறம், ஊரிலிருந்து வருகிற பெரியவர்களின் பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் வேண்டாம். வீட்டில் அன்பாகக் கட்டிக்கொடுப்பார்கள், ஒவ்வொரு பொட்டலமாகக் கேட்டுப் பார்த்து எடுத்து வையுங்கள்.

அந்தியூர்

நான் வெளிநாடு போனதில்லைங்க. துபாயில் இருக்கும் என் தம்பி பிள்ளைகளுக்கு நான் அத்தை, வருகிறவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள். ஜூலையில் வந்தால் ஒன்றும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு பவானி கூடுதுறை இருக்கிறது. எங்கள் குருநாதசாமி கோயில் பண்டிகை ஆடியில்தான் வரும், பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியில். பர்கூர் மலை மாடும் காங்கேயம் மாடும் கத்தியவார் குதிரையும் சந்தைக்கு வந்து நிற்கும். போன ஆடியில் தம்பி மகன் ஒரு வெள்ளைக் குதிரைக்கு முன்னால் நின்றவன் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. குதிரைக்காரர் அவன் கையில் கொஞ்சம் கொள்ளு கொடுத்து ஊட்டச் சொன்னார். உள்ளங்கையைத் தட்டையாக வைக்கச் சொல்லித் தந்ததும் அவர்தான். என் மகனும் அன்று பள்ளிக்கு லீவு போட்டான், வாத்தியாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பிமார்களே, நாத்தனார்களே, லீவை அம்மா வீட்டுக்குப் பாதி, மாமியார் வீட்டுக்குப் பாதி என்று பிரித்து, நடுவில் ஊட்டி, கொடைக்கானல் என்று செருகாதீர்கள். பிள்ளைகளை ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் விடுங்கள், மற்றவர்கள் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறோம். பண்டிகைத் தேதி தெரிந்ததும் நான் இங்கேயே எழுதுகிறேன், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.