குமரித் தொல்பொருள்களுக்கு ஓட்டுக்கூரையா, ஏசி ஹாலா?

வேணாட்டுக்காரன்:
நம்ம மாவட்டத்தில் தொல்பொருள்களுக்கென்று புதிதாக ஒரு காட்சிக்கூடம் கட்டினால் எப்படி இருக்கணும்? என் ஓட்டு நடுமுற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஓட்டுக்கூரைக்கு. பத்மநாபபுரம் அரண்மனையில் மர அழி (இடைவெளி விட்ட மரச்சட்டத் தடுப்பு) வழியாகக் காற்று வரும், கண் கூசும் வெயில் வராது. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமே செட்டிநாட்டு வீட்டுப் பாணிதான். கற்சிலைக்கு எதற்கு ஏசி?

மார்த்தாண்டம் இன்ஜினியர்:
கல்லுக்கு வேண்டாம், சரி. வெண்கலப் படிமத்துக்கு? கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும். துடைத்தால் அடியில் குழி. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் அது அடங்கும். ரெண்டு பருவமழையும் நனைக்கிற ஊரில், தாழ்வாரத்தில் நடக்கிற காரியமா? எல்லாம் மூடிய ஹாலுக்குள் வரட்டும். காவலுக்கும் நல்லது.

வேணாட்டுக்காரன்:
அண்ணே, சாயந்திரம் ஏசியை அணைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று பட்டால் வேர்க்காதா? உலோகத்துக்கு மட்டும் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல். ஈரம் ஏறினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தலாம். நாலு பெட்டிக்காக முழு ஹாலையும் குளிர வைக்கணுமா?

மார்த்தாண்டம் இன்ஜினியர்:
உலர்த்துவது யார் தம்பி? ஏசி நின்றால் பார்க்க வந்தவர்கள் சத்தம் போடுவார்கள். ஜெல் ஈரமானால் கேட்க நாதியில்லை.

வட்டெழுத்துப் பிரியை:
ரெண்டு பேரும் கூரைக்கு அடித்துக்கொள்கிறீர்கள், கல்வெட்டைப் படிக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. வட்டெழுத்து, அதாவது பழங்காலத் தமிழ் எழுத்து, வெட்டித் தேய்ந்துபோன கல்லுக்கு நேர் எதிரே ட்யூப்லைட் போட்டால் வெறும் கல்தான் தெரியும். பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி வெளிச்சம் விழணும். அப்போதுதான் ஒவ்வொரு கோட்டிலும் நிழல் இறங்கி எழுத்து எழுந்து நிற்கும். தாழ்வாரத்தில் இது காலையிலும் மாலையிலும் தானாகக் கிடைக்கலாம். உச்சிவெயில் நேரத்தில் வருகிறவர் என்ன செய்வார்?

இன்னொன்று. ஓரிடத்தில் கல்லை சிமெண்டில் நட்டு, கடைசி ரெண்டு வரியையும் புதைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கொடை கொடுத்தவர் பெயரே அந்த வரிகளில் இருந்திருக்கலாம்! சிமெண்டின் உப்பும் கல்லில் ஏறும். கழற்றக்கூடிய இரும்புத் தாங்கி, நடுவில் ரப்பர், பக்கத்திலேயே மைப்படி (கல்லின் எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுத்த படி). கூரை எதுவாகவும் இருக்கட்டும்.

மார்த்தாண்டம் இன்ஜினியர்:
லைட்டு விஷயம் சரிதான். அந்த லைட்டு வேலை செய்ய இருட்டான ஹால் வேண்டும், அதைத்தானே நானும் கேட்கிறேன்? அப்புறம், கருங்கல் கன மீட்டருக்கு 2.7 டன் வரும். கல் மொத்தமும் தரைத்தளத்தில், மாடியில் பெட்டிகள்.

சுமைதாங்கி:
மாடியா? எங்க பாட்டி மாதிரி ஆட்கள் வரவேண்டாமா? ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்ட சுமைதாங்கிக் கற்களையும் ஹாலில் அடுக்கிக் கயிறு கட்டுவீர்களா? தலைச்சுமையை ஆள்துணை இல்லாமல் இறக்க, அந்த உயரத்தில் நட்ட கல் அது. முற்றத்தில் நடுங்கள். பிள்ளைகள் ஒரு கடவத்தை (ஓலைப்பெட்டியை) தூக்கி வைத்துப் பார்க்கட்டும்.

மார்த்தாண்டம் இன்ஜினியர்:
முற்றத்தில் பாசி பிடிக்கும்.

சுமைதாங்கி:
பிறந்ததிலிருந்து மழையில் நின்ற கல்லுக்கா?

மார்த்தாண்டம் இன்ஜினியர்:
பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவர் நினைவாக, பெயர் வெட்டி வைத்த சுமைதாங்கி வந்தால்? அதன் மேலும் பிள்ளைகள் கடவம் ஏற்றலாமா?

வட்டெழுத்துப் பிரியை:
எழுத்துள்ள கல் எனக்கு, தாழ்வாரத்தில், பக்கவாட்டு விளக்கோடு. எழுத்தில்லாதது முற்றத்துக்குப் போகட்டும். இன்ஜினியர் சார் ஜெல்லுக்கு ஆள் தேடட்டும்.