வேலை கிடைக்கிறது, நிலைப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (திருப்பூர், சுயஉதவிக் குழுத் தலைவி):
எங்கள் குழுவில் கணவன் விட்டுப்போன பெண் ஒருத்தி. ஓவர்லாக் (துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) தைப்பதில் கெட்டிக்காரி; வேலை தேடவே வேண்டாம். ஆனால் எங்கும் நிலைக்க முடிவதில்லை. எல்லாரும் ஒன்றரை ஷிப்ட் கேட்கிறார்கள், அதாவது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடும். பக்கத்து வீட்டு அம்மா எத்தனை நாள்தான் பார்த்துக்கொள்வார்? "பொறுப்பில்லாதவள்" என்று சூப்பர்வைசர் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம்.

பதில் 1:
50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த விதி அது. தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம். சேருமுன் அந்த அறையை நேரில் பாருங்கள். பல இடங்களில் அதில் அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கும்.

பதில் 2:
பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? கம்பெனி மாறினாலும் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஒன்றுதான், புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் இரவு எட்டரைக்கு மேல் அந்தப் பேருந்து அவர் ஊருக்கு வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடுகிறது! அவளைப் போல இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். ஐவருமாகப் போய் ஒரு ஷிப்ட் மட்டும் கேட்கப்போகிறோம். ஏற்றுமதி ஆர்டர் குவியும் நேரம் இது, தையல் தெரிந்த ஐந்து பேரை எளிதில் விடமாட்டார்கள்.