சன் ஃபிலிம்: தமிழ்ச்சொல் வேண்டும்

வணக்கம்.

வீட்டுச் சன்னல் கண்ணாடியில் நாமே ஒட்டிக்கொள்ளும் சன் ஃபிலிமுக்குத் தமிழில் செய்முறைக் கையேடு ஒன்று உருவாகிறது. வரைவில் அதற்கு 'நிறச்சாயப் படலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கடைக்காரர் சன் ஃபிலிம் என்பார், கார் பட்டறையில் கூலிங் பேப்பர் என்பார்கள். இரண்டிலும் நிறம் என்ற பேச்சே இல்லை. பாலியெஸ்டர் தாளுக்குச் சாயம் ஏற்றுவது ஒரு வகை மட்டுமே. உலோகப் பூச்சுள்ள வகை பளபளவென்று இருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும். செராமிக் வகையில் சில ஏறக்குறைய நிறமே தெரியாமல் வெப்பக் கதிரைத் தடுக்கும். நிறத்தை வைத்துப் பெயரிட்டால், கறுப்பாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

மேற்குப் பார்த்த அறையில் மாலை நேரத்தில் கணினித் திரை தெரியவில்லை என்று ஒருவர் வாங்குகிறார். அறைச் சூடு தாங்கவில்லை என்று இன்னொருவர். திரைச்சீலையும் சோபாத் துணியும் வெளுக்கின்றன என்று மற்றொருவர். இந்த மூன்று வேலைகளையும் எல்லாத் தாளும் ஒரே அளவில் செய்வதில்லை.

என் பரிந்துரை: பொதுப்பெயர் 'ஒட்டுப்படலம்'. செய்யும் வேலையை முன்னால் சேர்த்துக் கூசொளித் தடுப்புப் படலம், வெப்பத் தடுப்புப் படலம் எனலாம். 'கண்ணு கூசுது' என்பது எல்லார் வாயிலும் உள்ள பேச்சு. கூசொளி அதிலிருந்து இயல்பாக வருகிறது.

—

> பொதுப்பெயர் 'ஒட்டுப்படலம்'

நிறத்தை விட்டது சரி. ஆனால் பசையே இல்லாத வகை ஒன்று இருக்கிறதே? வழவழப்பான கண்ணாடியைத் தானாகப் பற்றி நிற்கும் பி.வி.சி. தாள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறார்கள். உரித்துச் சுருட்டி வைத்து மறுபடி பதிக்கலாம். அதை ஒட்டுப்படலம் என்றால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார். ஆகவே பொதுச்சொல் 'சன்னல் படலம்', அதற்குள் பசையுள்ளது ஒட்டுப்படலம், பசையற்றது பற்றுப்படலம் என்று பிரிக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் இருக்கிறது. '35' என்று பார்த்ததும் நூற்றுக்கு 35 பங்கைத் தடுக்கும் என்றே பலரும் படிக்கிறார்கள். உண்மையில் 35 பங்கு ஒளியை உள்ளே விடும் என்று பொருள். எண் குறையக் குறைய இருட்டு கூடும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 100-ஆம் விதி காரின் முன், பின் கண்ணாடிக்கு 70, பக்கக் கண்ணாடிக்கு 50 என்று சொல்வதும் உள்ளே விட வேண்டிய குறைந்தபட்ச ஒளியைத்தான். வரைவில் உள்ள 'ஒளி விழுக்காடு' எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு 'ஒளிவிடு விழுக்காடு' என்று போடுங்கள். கூடவே ஒரு கணக்கும் வேண்டும். வெறும் தெளிகண்ணாடியே ஏறக்குறைய 88 பங்கைத்தான் விடுகிறது. அதன்மேல் 35 படலத்தை ஒட்டினால் 0.88-ஐ 0.35-ஆல் பெருக்க வேண்டும். அறைக்குள் வருவது 31 பங்கு. ஏற்கெனவே நிறமூட்டிய கண்ணாடி என்றால் இன்னும் குறையும். படிக்கிற அறையில் பகலிலேயே விளக்குப் போடும் நிலை வருவது இந்தப் பெருக்கலை மறப்பதால்தான்.

—

பொருளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வேலைக்குரிய சொற்கள் வரைவில் இன்னும் திணறுகின்றன. செய்முறையின் வரிசையிலேயே சொல்கிறேன்.

வரைவில் 'நழுவு கரைசல்' என்றிருப்பதை 'வழுக்குநீர்' என்று மாற்றலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி குழந்தை ஷாம்பு போதும். கண்டிஷனர் கலந்த ஷாம்பு வேண்டாம். அதன் எண்ணெய்ப் பிசுக்கு பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தங்கிவிடும். ஷாம்பு கூடினால் பசை பிடிக்க நாளாகும், குறைந்தால் தாள் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே நல்லது.

தாளின் பசையை மூடியிருக்கும் மெல்லிய தாளுக்கு வரைவு 'வெளியீட்டு உறை' என்கிறது. இதைப் படித்து யாருக்கும் எதுவும் விளங்காது. 'உரிதாள்' போதும். உரிப்பது எப்படி என்பதையும் எழுத வேண்டும்: ஒரு மூலையின் இரு முகத்திலும் ஒவ்வொரு செலோடேப் துண்டை ஒட்டி, இரண்டையும் எதிரெதிரே இழுத்தால் உரிதாள் பிரியும். பிரியப் பிரியப் பசை முகத்தில் வழுக்குநீரைத் தெளித்துக்கொண்டே போக வேண்டும். உலர்ந்த பசை முகம் தன்மேல் தானே மடிந்தால் பிரிப்பது கடினம். பிரிந்தாலும் மடிப்புத் தழும்பு போகாது. ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள சன்னலுக்கு இரண்டு பேர் வேண்டும்.

அடுத்தது, தண்ணீரைத் தள்ளி வெளியேற்றும் ரப்பர் பட்டை. 'வழிகோல்' என்று சிலர் எழுதுகிறார்கள். 'வழிகோலியது' என்ற வினை வழக்கில் இருப்பதால் அது தடுமாற்றம் தரும். மாவை வழிப்பதுபோல் தண்ணீரை வழிப்பதால் 'வழிப்பான்' பொருந்தும். தாளைச் சன்னலைவிட எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, நனைந்த கண்ணாடியில் பதித்து, வெளிமுகத்திலும் வழுக்குநீர் தெளித்த பிறகுதான் வழிப்பானை வைக்க வேண்டும். உலர்ந்த தாளில் இழுத்தால் கீறல் விழும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, முந்தைய இழுப்பின்மேல் கொஞ்சம் ஏறும்படி இழுக்க வேண்டும்.

ஓரத்தை வெட்டும்போது சட்டத்தின் ரப்பர் பட்டைக்கும் தாளுக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. விட வேண்டும். இதற்கு 'விளிம்பிடைவெளி' என்று தனிச்சொல் கொடுங்கள், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்கள் இடைவெளி விடாமல் ஓரம்வரை நெருக்கி வெட்டிவிடுகிறார்கள். ரப்பரில் ஏறிய தாள் தண்ணீரை வெளியே விடாது, சில வாரங்களில் ஓரம் தூக்கிக்கொள்ளும். வெட்டிய பிறகு வழிப்பானின் முனையில் காகிதத் துவாலையைச் சுற்றி நான்கு ஓரத்தையும் ஒற்றி எடுக்க வேண்டும்.

—

உரிதாளும் வழிப்பானும் மிக நன்று.

'சன்னல்' போர்ச்சுகீசியம், 'சாளரம்' என்று மாற்ற வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் நிற்பவருக்குச் சன்னல்தான் உடனே புரியும். அதை விட்டுவிடலாம்.

ஆனால் வரைவில் எல்லாக் குறைக்கும் 'குமிழி' என்று இருப்பது கூடாது. குமிழி திறந்த நீரில் எழுவது. தோலுக்கடியில் உப்பி நிற்பது கொப்புளம். இங்கே நடப்பது இரண்டாவது. நீர்க்கொப்புளம், காற்றுக்கொப்புளம், தூசுமேடு என்று மூன்றாகப் பிரித்தால் படிப்பவர் பதற மாட்டார். நீர்க்கொப்புளம் மங்கலாக, தட்டையாக இருக்கும், அழுத்தினால் நகரும். அது ஒரு மாதத்துக்குள் தானாக உலர்ந்து போகும், ஊசியால் குத்தக் கூடாது. காற்றுக்கொப்புளம் தானாகப் போகாது. பசை பிடிக்குமுன் வழிப்பானால் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். தூசுமேட்டைத் தொட்டால் நடுவில் கடினமாக ஒரு துகள் தட்டுப்படும். தாளைத் தூக்கிக் கழுவினால் தவிர அது போகாது. தடுக்க ஒரே வழி, ஒட்டுமுன் கண்ணாடியை நனைத்து பிளேடு சுரண்டியால் பெயின்ட் புள்ளி, பழைய பசை எல்லாவற்றையும் எடுப்பது, வேலை நேரத்தில் மின்விசிறியை நிறுத்துவது. கடினப்படுத்திய கண்ணாடியில் பிளேடு கீறல் போடலாம். அங்கே ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

—

இவற்றை ஏற்று வரைவைத் திருத்திவிடலாம். எச்சரிக்கைப் பத்திக்கு ஒரு சொல் மட்டும் பாக்கி: 'வெப்பவிரிசல்'. அடர்ந்த படலம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியின் நடுப்பகுதியைச் சூடேற்றும். சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்கும். நடு விரிய, விளிம்பு விரியாமல் இழுபட்டு, விளிம்பிலிருந்தே கண்ணாடி கீறும். கம்பிவலை பொதிந்த கண்ணாடிக்கும் இரட்டைக் கண்ணாடிக்கும் இந்த ஆபத்து அதிகம். அவற்றுக்கு எந்தப் படலம் ஒத்துவரும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. பூக்கண்ணாடியின் மேடுபள்ளத்தில் பசை பிடிக்காது. அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகள் வாயுவை வெளியிடுவதால் படலம் கொப்புளமாக உப்பும். இந்த மூன்றையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும், கடைசிப் பக்கத்தில் அல்ல. உலோகப் பூச்சு வகை பகலில் வெளியாரிடமிருந்து மறைக்கும், இரவில் உள்ளே விளக்கெரிந்தால் எல்லாம் வெளியே தெரியும் என்ற வரியும் அங்கேயே.

நேர் வெயில் படும் நேரத்தில் ஒட்டாதீர்கள் என்பதற்குக் காரணம் விடுபட்டிருக்கிறது. சூடான கண்ணாடியில் வழுக்குநீர் நொடியில் உலர்ந்துவிடும் என்று சேர்க்கிறேன். ஒட்டிய பின் 30 நாள் துடைக்காமல் விட வேண்டும். அதன் பிறகும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் வேண்டாம்.

தலைப்பில் 'சன்னல் படலம்', முதல் வரியில் மட்டும் 'கடையில் சன் ஃபிலிம் என்று கேளுங்கள்' என்று போடுகிறேன். படம் 3-இல் உரிதாளுக்கான அம்புக்குறி அறைப் பக்கத்து முகத்தைக் காட்டுகிறது. பசை முகம் கண்ணாடியை நோக்கியது. அம்பை அந்தப் பக்கம் மாற்றித் தர முடியுமா?